நகராத புள்ளி

தேவிப்ரியாவின் கணினித் திரையில் காஞ்சிபுரம் ஓர் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. தெருக்கள் சாம்பல் நிறக் கோடுகள். வேகவதி ஆறு ஒரு நீலக் கீற்று. பிள்ளையார்பாளையத்தைத் தாண்டி, அந்தக் கீற்றை ஒட்டினாற்போல் சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் நீளும் வாடகை அறைகளில் பச்சைப் புள்ளிகள் மினுங்கின. ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். ஒடிசாவிலிருந்து வந்து சாயத் தொட்டியிலும் கட்டட வேலையிலும் கூலிக்கு நிற்பவர்கள், அவர்களுடைய மனைவிமார், குழந்தைகள்.

போன ஐப்பசியில் ஆறு அந்த வரிசைக்குள் இடுப்பளவு புகுந்துவிட்டது. இந்த மழைக்குள் அவர்களை அங்கிருந்து மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவாகியிருந்தது. எங்கே மாற்றுவது என்பதுதான் கேள்வி. தொழிற்பேட்டைப் பக்கம் புதிதாகக் கட்டிய விடுதி ஒன்று காலியாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் வெகு தூரம். ஓரிக்கையில் மேட்டு நிலத்தில் பூட்டிக் கிடந்த ஒரு மண்டபமும் இருந்தது. அது அருகில்தான், ஆனால் பழுது பார்க்கவேண்டும்.

"இடம் கொடுக்கறது பெரிசில்லைம்மா. கொடுத்த இடத்துல இருப்பாங்களா, இல்ல ரெண்டாம் நாளே திரும்பி ஆத்தோரம் வந்து படுத்துப்பாங்களா? அதைச் சொல்லுங்க. தண்ணி வர்றப்போ அங்க ஒரு உயிர் இருக்கக்கூடாது" என்று அதிகாரி ராமராஜன் கேட்டிருந்தார்.

ஏனாத்தூர்ப் பக்கம் இருந்த சிறிய ஆய்வு மையம் ஒன்றில் தேவிப்ரியாவுக்கு இதுதான் வேலை. வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்தவர் சாமுவேல். கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, பிள்ளை எங்கே படிக்கிறது, ஒரு கஷ்டம் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று அவர் கேட்டுவந்த பதில்களை அவள் ஒவ்வொரு புள்ளிக்கும் கொடுத்திருந்தாள். திரையின் மூலையில் தேதி ஓடும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு புள்ளியும் இருப்பதா போவதா என்று தன் பாட்டுக்கு யோசித்து நகரும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

அன்று அவள் எல்லாரையும் விடுதிக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தாள். புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றோரத்தை விட்டுக் கிளம்பின. ஒன்று மட்டும் நகரவில்லை. ஆறாம் அறைப் புள்ளி. அதற்குக் கூலி இல்லை, வேலை இல்லை, குடும்பம் இல்லை. கணக்குப்படி முதலில் கிளம்பவேண்டியது அதுதான். அது அசையாமல் கிடந்தது.

அது போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் பொழுது சாயும் நேரத்தில் விடுதியிலிருந்து ஒரு புள்ளி புறப்பட்டு, அத்தனை தூரமும் வந்து, ஆறாம் அறைக்குள் நுழைந்து, சற்று நேரம் நின்று, திரும்பிப் போயிற்று. மறுநாள் இன்னொரு புள்ளி. அதற்கு மறுநாள் வேறொன்று. மூன்றாம் அறையார், நான்காம் அறையார், ஐந்தாம் அறையார் என்று ஏதோ சொல்லிவைத்தது போல வந்தார்கள். ஒன்பதாம் அறையிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அதைத் தாண்டிப் பத்தாம் அறை வந்தது.

தேதி ஐப்பசிக்குள் போனது. நீலக் கீற்று அகன்றது. ஒரு மாலையில் ஆறாம் அறைக்குள் நின்றிருந்த புள்ளி திரும்பிப் போகவில்லை. அது கறுத்தது. கறுத்தால் உயிர் இல்லை என்று பொருள். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவளேதான்.

மறுநாள் மாலையும் ஒரு புள்ளி வந்தது. தண்ணீருக்குள்ளேயே வந்தது.

விவரத்தில் ஏதோ பிழை என்று நினைத்து, தேவிப்ரியா ஆறாம் அறைப் புள்ளியை அழித்துவிட்டு மறுபடியும் ஓட்டினாள். அறை காலியாக இருந்தது. பொழுது சாய்ந்தது. மூன்றாம் அறைப் புள்ளி வந்து காலி அறைக்குள் நின்றது.

அவள் கையைக் கணினியிலிருந்து எடுத்துக்கொண்டாள். அழித்த ஆளிடம் போவதற்கு அந்தப் புள்ளிகளுக்கு வழியே இல்லை. அந்த உறவை எழுதிய வரியையும் சேர்த்துத்தான் நீக்கியிருந்தாள். அந்தப் புள்ளியைத் திரும்பச் சேர்த்து, ஓரிக்கைக்கு மாற்றி ஓட்டினாள். அங்கிருந்தும் வந்தன. தூரம் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரமாக வந்து, தண்ணீரில் கறுத்தன.

ராமராஜனுக்குப் போன் செய்தாள்.

"ஒரு ஆள் கணக்கு சரியில்லன்னா தூக்கிடுங்கம்மா."

"தூக்கிட்டேன் சார். அப்பவும் வராங்க."

"யாரு வராங்க?"

"நேர்ல போய்ப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் சாமுவேலின் வண்டியில் ஏறி அங்கே போனாள். புரட்டாசி வெயில் தணிந்து, ஆற்றோரத்து முள்செடிகளுக்குமேல் கொசுக்கூட்டம் எழும்பியிருந்தது. சாயப்பட்டறையிலிருந்து வந்த வாய்க்காலில் அரக்குச் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. அறை வரிசைக்குச் சொந்தக்காரி எல்லம்மாள், வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கணவனை இழந்தவள், வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது என்று சாமுவேல் வழியிலேயே சொல்லியிருந்தார்.

"இன்னாபா சாமுவேலு, மறுபடியும் ஆளை எண்ண வந்துட்டியா? போன தபா எண்ணதுல ஒருத்தன் குறைஞ்சிட்டானா?"

"குறையலைம்மா. ஒருத்தன் கணக்கு மட்டும் இடிக்குது. இவங்க எங்க மேடம், தேவிப்ரியா. ஆறாம் ரூம்காரனைப் பாக்கணுமாம்."

கீரை ஆயும் கை நின்றது. "பாருங்களேன். தொறந்துதான் இருக்குது."

ஆறாம் அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை. உள்ளே தரை மெழுகினாற்போல் சுத்தமாக இருந்தது. விரித்த பாய். ஆணியில் ஒரு நீலச் சட்டை, துவைத்து மடிப்புக் கலையாமல். மூலையில் எரியாத அகல் விளக்கு, அதன் பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர். ஆள் இல்லை. ஆனால் யாரோ இப்போதுதான் எழுந்து போனாற்போலவும், அவர் திரும்பி வந்தால் உட்கார இடம் விடவேண்டும் என்பது போலவும் தேவிப்ரியாவுக்குத் தோன்றியது. அவள் தன்னையறியாமல் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"வேலைக்குப் போயிருக்காரா?"

"வேலைக்கா?" எல்லம்மாள் முந்தானையில் கை துடைத்தாள். "விசு செத்துப் போயி ஒரு வருசம் ஆவப்போவுதும்மா."

சாமுவேல் திடுக்கிட்டார். "என்கிட்ட இருக்கறான்னு சொன்னியே எல்லம்மா! நான் அப்படியே எழுதிட்டேனே!"

"நீ இன்னா கேட்ட? இந்த ரூம்ல யாரு இருக்கறாங்கன்னு கேட்ட. அவனுக்குக் கருமாதியே ஆவலை. அது ஆவுற வரிக்கும் செத்தவன் வூட்டுலதானே இருப்பான்? வெளக்கும் தண்ணியும் வெச்சிக்கினு, ஆளு இல்லைன்னு உன்னாண்ட பொய் சொல்லச் சொல்றியா?"

"வாடகையும் வருதுன்னியே?"

"வருது. எல்லா ரூம்காரங்களும் போட்டுத் தராங்க. வேணாம்னாலும் வுடல."

பிறகு அவள் விசுவைப் பற்றிச் சொன்னாள். விஸ்வநாத் என்று பேர். இந்த வரிசைக்கு முதலில் வந்தவன் அவன். தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டவனும் அவன் ஒருவன்தான். அதற்குப் பிறகு ஒடிசாவிலிருந்து யார் வந்தாலும், சொந்தமோ இல்லையோ, ஸ்டேஷனில் போய் நின்றுகொள்வான். கையில் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பாக்கெட் பிஸ்கட். மொழி தெரியாமல் விழிக்கிறவர்களைக் கூட்டிவந்து இங்கே சேர்ப்பான். போன ஐப்பசியில் வீடு வீடாகத் தண்ணீரில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தான். காய்ச்சல் கண்டது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கஷ்டம் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று சாமுவேல் கேட்டபோது, வரிசை முழுக்க ஏன் ஒரே அறையைச் சொன்னது என்று தேவிப்ரியாவுக்கு அப்போது விளங்கியது. இறந்தவனைத்தான் சொல்லியிருந்தார்கள். இன்னும் அவனிடம்தான் போகிறார்கள்.

பொழுது மங்கியது. கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு பெண் வந்தாள். சுபத்ரா, மூன்றாம் அறை, கட்டட வேலை செய்கிறவள் என்றார் சாமுவேல். அவள் யாரையும் பார்க்காமல் உள்ளே போய், செம்புத் தண்ணீரை மாற்றி, விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"தினமும் நீங்கதான் ஏத்துவீங்களா?" என்று தேவிப்ரியா கேட்டாள்.

"இல்லை அக்கா. முறை. இன்னைக்கு மூணாம் ரூம். நாளைக்கு நாலு. அப்படியே கடைசி வரைக்கும் போயி, மறுபடி ஒண்ணு."

தேவிப்ரியா அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஒன்பதாம் ரூம்?"

"அவங்க இல்லை. அங்க கைக்குழந்தை இருக்கு. பச்சை உடம்பு. வேண்டாம்னு எல்லம்மா அக்கா சொல்லிட்டாங்க." சுபத்ரா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "உங்களுக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. சாமுவேல் அதைக் கேட்கவில்லை. கணினிக்கும் அதைக் கொடுக்கவில்லை. ஆனாலும் நேற்று அது ஓடத் தொடங்கியபோது மூலையில் இருந்தது இன்றைய தேதி. முதலில் வந்தது மூன்றாம் அறைப் புள்ளி. விளக்கின் சுடர் அசைந்தது. காற்று இல்லை. சாமுவேல் மெல்லச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"விடுதிக்குப் போனப்புறம் யார் இதை ஏத்துவாங்க?"

"நாங்கதான். பஸ் பிடிச்சு வருவோம்."

"மழையிலயா? ஆத்துல தண்ணி வந்தா?"

"வருவோம்." அவள் சொன்ன விதத்தில் வீம்பு இல்லை. "நான் வந்த அன்னைக்கு மழை. நடுவுல ரயில் ரொம்ப லேட். விசு அண்ணா காலையில இருந்து நின்னுட்டு இருந்தாரு. என்னை அவருக்குத் தெரியாது. நாங்க எல்லாரும் போயிட்டா அவரு தனியா இருப்பாரு."

அந்தக் கறுத்த புள்ளி யார் என்று தேவிப்ரியா பார்த்துவைத்திருக்கவில்லை. பார்க்காமல் விட்டது நல்லதென்று இப்போது பட்டது. அவள் எல்லம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா இன்னும் கருமாதி பண்ணலை?"

"நான் எப்படிம்மா பண்றது? கூட வேலை செஞ்ச பையன் ஒருத்தன் கொள்ளி வெச்சான், அவனும் பயந்துக்கினு அடுத்த வாரமே ஊருக்குப் பூட்டான். அப்பா அம்மா கிடையாது. சித்தப்பன் ஒருத்தன், போன் போட்டா அங்கியே முடிச்சிடுங்கன்னு வெச்சிட்டான். அவங்க ஊரு மொறை இன்னா எழவோ. இவங்க ஜனம், இவங்கதான் கூடி ஒரு நாள் சொல்லணும். சொல்லட்டும்னு பாத்துக்கினு இருக்கறேன். பாதியில நானா போயி வெளக்கை அமத்துனா, வாடகைக்கு ரூம் வுடப் பாக்கறான்னு நெனைச்சிட மாட்டாங்க?"

சுபத்ரா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா... நாங்க வேற வேற ஊர். அவரு முறை எங்களுக்கும் தெரியாது. வீடு உங்க வீடு. முதல் நாள் விளக்கு நீங்கதான் ஏத்தினீங்க, உங்க வழக்கம்னு. நீங்க போதும்னு சொல்லாம நாங்க எப்படி நிறுத்துறது? நீங்க கோபப்படுவீங்கன்னு..."

வாய்க்கால் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அடிப்பாவிங்களா!" எல்லம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நீ என்னைப் பாத்துக்கினு, நான் உன்னைப் பாத்துக்கினு, அந்தப் புள்ளையை ஒரு வருசமா வாசல்லியே நிக்க வெச்சிட்டமேடி!" அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. சுபத்ரா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருவர் மனம் நோகக்கூடாது என்று இன்னொருவர் பேசாமல் இருப்பதும் அன்புதான். ஆனால் அந்த அன்பு சில சமயம் ஒரு வாய்ச்சொல்லுக்காகக் காத்துக் கிடக்கிறது. ஆண்டவன் அந்தச் சொல்லை யார் வாயிலாவது வரவழைக்க என்னென்ன வழியோ பார்க்கிறான். கணினியும் அவனுக்கு ஒரு வழியாக இருந்தால் நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து வந்தது மகாளய அமாவாசை. சர்வதீர்த்தக் குளக்கரையில் காலையிலேயே கூட்டம். தாய் தந்தைக்கு மட்டுமின்றி, யாருமற்றுப் போனவர்களுக்கும் அன்று எள்ளும் தண்ணீரும் விடலாம். எல்லம்மாள் குளித்த ஈரத்தலையோடு படித்துறையில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் வரிசை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும், கூலியை விட்டுவிட்டு, வந்து நின்றார்கள்.

"பேரு?" என்று புரோகிதர் கேட்டார்.

"விஸ்வநாத்."

"கோத்திரம்?"

"தெரியாது சாமி."

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"என் வூட்ல இருந்தான் சாமி. என் வூட்டுக்காரர் போனப்போ சுடுகாட்டுக்குச் சவுக்குக் கட்டை தூக்கியாந்தது அவன்தான்."

"சொந்த ஊரு?"

"எங்கியோ ஒடிசாவுல. இப்ப காஞ்சிபுரம்தான்."

புரோகிதர் அவளையும், பின்னால் நின்றவர்களையும் ஏறிட்டுப் பார்த்தார். "போதும்மா. கையை நீட்டுங்க" என்றார்.

சாமுவேல் சற்றுத் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, தனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் எல்லாரும் ஆற்றோரம் திரும்பினார்கள். எல்லம்மாள் செம்புத் தண்ணீரை வாசலில் இருந்த செம்பருத்திக்கு ஊற்றினாள். ஒரு பூவால் சுடரை அமர்த்தினாள். "போய்ட்டு வாப்பா ராசா. இவங்களை நான் பாத்துக்கறேன்" என்றாள். மத்தியான வெயிலில் அந்த அறை சட்டென்று சின்னதாகி, வெறும் அறையாகத் தெரிந்தது.

அன்று பிற்பகலே தேவிப்ரியா ஏனாத்தூருக்குத் திரும்பினாள். கணினியில் எதையும் மாற்றக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். சாமுவேல் முதன்முதலில் கொண்டுவந்த விவரத்தை அப்படியே ஏற்றினாள். ஆறாம் அறைப் புள்ளியும் அதில் இருந்தது. ஓட்டத் தொடங்கும்போது நிரலுக்குக் கொடுக்கும் தொடக்க எண்ணும் அதே எண். அந்த எண் மாறாவிட்டால் காட்சியும் ஓர் இம்மிகூட மாறாது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே ஆள், அதே நாள், அதே இடம். அப்படித்தான் இந்த நிரல் எழுதப்பட்டிருந்தது. இடமாக மட்டும் ஓரிக்கையைக் கொடுத்தாள். அதையும் அவள் முன்பே ஓட்டிப் பார்த்திருந்தாள்.

ஓட விட்டாள்.

முதலில் அசைந்தது ஆறாம் அறைப் புள்ளி.

அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினாள். அந்தப் புள்ளி அறையை விட்டு வெளியே வந்தது. வரிசையின் ஒவ்வொரு அறை முன்னாலும் சற்றே நின்றது. பிறகு தெருவில் ஏறி, ஸ்டேஷனைத் தொட்டு, அங்கே தயங்கி, ரயில் பாதையோடு போய், படத்தின் விளிம்பில் மறைந்துவிட்டது. அந்த விளிம்புக்கு அப்பால் போக எந்தப் புள்ளிக்கும் அவள் வழி வைத்ததில்லை.

அது போனபின் மற்றவை ஓரிக்கைக்குக் கிளம்பின. பொழுது சாய்ந்தது. ஒன்றும் திரும்பவில்லை. ஐப்பசி வந்தது, நீலம் அகன்றது, அறைகள் மூழ்கின. பச்சை பச்சையாகவே இருந்தது. விடுதிக்கு மாற்றியும் ஓட்டினாள். அங்கே போனவர்கள் வேலைக்கு வெகுதூரம் என்று சிதறி, திக்குக்கு ஒருவராகப் போனார்கள். ஓரிக்கையில் சேர்ந்தே இருந்தார்கள்.

அறிக்கையைப் படித்துவிட்டு ராமராஜன் கூப்பிட்டார். "ஓரிக்கைன்னு எழுதியிருக்கீங்க. சரி, மண்டபத்தை ரிப்பேர் பண்ணச் சொல்றேன். ஆனா போன வாரம் எல்லாரும் திரும்பி வராங்கன்னீங்க. இப்ப வரலைங்கறீங்க. மாடல்ல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலை சார்."

"அப்புறம் எப்படிம்மா?"

"அங்க ஒரு காரியம் பாக்கி இருந்துது சார். முடிச்சிட்டாங்க."

"காகிதத்துக்கு நீங்க எழுதினது எனக்குப் போதும். நிஜத்துல அவங்க திரும்பி வராம இருக்கணும்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அவளுடைய பயமும் அதுதான். திரையில் பார்த்ததை நம்பித்தான் அத்தனை உயிரையும் அவள் அந்த மண்டபத்துக்கு அனுப்பியிருந்தாள்.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. மண்டபத்தில் திரை கட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருந்தார்கள். எல்லம்மாளும் தன் அடுப்போடு அங்கேயே வந்துவிட்டிருந்தாள். ஆற்றோரத்து அறைகளில் தண்ணீர் ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டதாகச் சாமுவேல் பார்த்துவந்து சொன்னார். மாலை ஆகும் வேளையில் தேவிப்ரியா மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நேரம்தான். ஒரு வருடமாக ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் எழுந்த நேரம்.

வெளிச்சம் குறைந்தது. குழந்தைகள் பேச்சுக்கூட அடங்கினாற்போல் இருந்தது.

சுபத்ரா எழுந்தாள்.

புடவைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். மழையைப் பார்த்தாள். படி இறங்கினாள்.

தேவிப்ரியா துள்ளி எழுந்தாள். சுவரில் சாய்த்திருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினாள். "சுபத்ரா! போவாதே, நில்லு!"

மண்டபத்தின் பக்கவாட்டில், கூரை ஒழுகும் இடத்தில், சுபத்ரா திரும்பினாள். அவள் கை கொடியில் தொங்கிய குழந்தைச் சட்டைகளை உருவிக்கொண்டிருந்தது. தேவிப்ரியாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"துணி அக்கா! காலையில இருந்து மறந்துட்டேன். எல்லாம் நனைஞ்சு போச்சு. அந்தப் பக்கம் புடிங்க."

தேவிப்ரியா குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கொடியின் மறுகோடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.